நெய் ஊத்தின கையும் கடல் தாண்டின மிளகாயும்

டேய் இளமாறா, அந்தக் கிண்ணத்துல விரல விடாத, பயறு இன்னும் மசியல. பன்னு வேகுறதுக்குள்ள கதைய சொல்லி முடிச்சிடறேன். பூவிழி, நீயும் உக்காரு. "உம்" கொட்டணும் ரெண்டு பேரும், இல்லேன்னா பாதியில நிறுத்திருவேன், அப்புறம் பெரியம்மா பெரியம்மான்னு பின்னாடியே வரக்கூடாது.

ஆழிக்கரைன்னு கடலோரத்துல ஒரு ஊராம், அந்த ஊர்ல ஒரு ராஜாவாம். அவரோட அரண்மனையில தலைமைச் சமையக்காரன் வைரவநாதன். கையில எப்பவும் ஒரு நெய்க்கரண்டி. பொங்கலா, ஒரு கரண்டி நெய். பருப்பா, ஒரு கரண்டி நெய். ரசமா, அதுலயும் ஒரு கரண்டி நெய்! நெய் விடாம எதையும் அடுப்ப விட்டு எறக்குனதே இல்ல அந்தக் கை.

ஒரு நாள் மெக்சிகோ நாட்டுலேர்ந்து ஒரு கப்பல் வந்துச்சு. அதுல ராஜாவுக்கு விருந்தாளியா ஒரு அம்மா வந்து எறங்குனாங்க, பேரு ரொசாலியா. கப்பல்ல வர்றப்பவே நம்ம ஆளுங்ககிட்ட தமிழ் கத்துக்கிட்டாங்களாம். வந்ததும் ராஜாவ கும்பிட்டுட்டு, "மகாராஜா, எங்க வீட்டுல ஒரு கண்ணுக்குட்டி பால் பத்தாம செத்துப்போச்சு. அன்னிக்கு எங்கம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணினேன். கறி, முட்டை, பால், நெய் எதையும் தொட மாட்டேன்"னாங்க. "அதுக்கென்ன தாயி"ன்னாரு ராஜா.

மொத நாள் வைரவநாதன் பொங்கல் வச்சான். அந்தம்மா ஒரு வாய் எடுத்து மோந்து பார்த்துட்டு கீழ வச்சிட்டாங்க. ரெண்டாம் நாள் அவியல். மோந்து பார்த்தாங்க, வச்சிட்டாங்க. மூணாம் நாள் தோசை. அதையும் மோந்து பார்த்துட்டு வச்சிட்டாங்க. நெய்ய வேணும்னு ஊத்தலடி அவன், எறக்கும்போது கை தானா போயிருது! வெறும் எளநிய குடிச்சுக் குடிச்சு அந்தம்மா கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு.

ராஜாவுக்கு வந்துச்சே கோவம்! "எவன்டா நெய்ய ஊத்துனது?"ன்னு கேட்டாரு. வைரவநாதன் கூசாம, "அடுப்பு எரிக்கிற கொம்பையாதான் ராஜா"ன்னுட்டான். பாவி! கொம்பையா வாயில்லாப் பூச்சி. அவன புடிச்சு அடைச்சுட்டு ராஜா சொன்னாரு, "நாளைக்கு உச்சிவெயிலுக்குள்ள விருந்தாளி ஒரு வாய் சாப்பிடணும். இல்லேன்னா இவன அதே கப்பல்ல ஏத்தி நாடு கடத்திருவேன்."

கொம்பையா பொண்டாட்டி சிட்டம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. அப்புறம் என்ன பண்ணினா? முந்தானையில மூஞ்சியத் தொடச்சிட்டு நேரா அந்தம்மாகிட்டயே போயிட்டா.

"அம்மா, உங்க ஊர்ல என்னதான் சாப்பிடுவீங்க?"

"பன்ன ரெண்டா வகுந்து, உள்ள பயற மசிச்சுத் தடவுவோம். மேல சுட்ட சோளம். தக்காளியும் மிளகாயும் அரைச்ச துவையல்."

சிட்டம்மா வாயப் பொளந்துட்டா. "அட, இதெல்லாம் எங்க வீட்டு அடுப்படியிலேயே கெடக்கே!"

விடிஞ்சதும் ஆரம்பிச்சா. கோதுமை மாவுல கொஞ்சம் கள்ளு ஊத்திப் பெசஞ்சு... சிரிக்காதடா, மாவு பொங்குறதுக்கு! நாம ஈஸ்ட் போட்டிருக்கோம்ல, அது மாதிரி. பொங்குன மாவ உருட்டி, சட்டியில வச்சு மூடி, மேலயும் கீழயும் தணல் போட்டா. தட்டப்பயற வேக வச்சு, நல்லெண்ணெயில சீரகம், பூண்டு, வரமிளகா தாளிச்சு மசிச்சா. தக்காளிய தோல் கருகச் சுட்டு, பச்சமிளகாயோட அம்மியில வச்சு ஒரு இழுப்பு இழுத்தா. மக்காச்சோளத்த சுட்டு உதுத்தா. பட்டர் ஃப்ரூட்ட எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொழைச்சா. என்னது, அந்தக் காலத்துல பட்டர் ஃப்ரூட் ஏதா? கதைய நான் சொல்றேனா, நீ சொல்றியா?

மொத்தம் ஆறு பன்னு. மூணத் தட்டுல வச்சுக்கிட்டு, மூணக் கூடையில வச்சு மூடி இடுப்புல இடுக்கிக்கிட்டு ஓடினா. வாசல்ல வைரவநாதன் மறிச்சான். "சபைக்குள்ள உனக்கென்ன வேலை? கொண்டா இங்க"ன்னு தட்டப் புடுங்கிட்டுப் போனான். தானே செஞ்சதா சொல்லிப் பேரு வாங்கணும்னு ஆசை! சரி, கொண்டுபோனவன் அப்படியே வச்சானா? பன்னோட மூடியத் தெறந்து பார்த்தான். 'ராஜா வீட்டுத் தட்டு இப்படி வறவறன்னு இருக்கலாமா'ன்னு தோணுச்சு. ஒரு பன்னுக்கு ஒரு கரண்டி, மூணு பன்னுக்கு மூணு கரண்டி. போச்சா!

சபையில, "நானே என் கையால செஞ்சது"ன்னு நீட்டினான். அந்தம்மா மோந்து பார்த்துட்டு தலைய ஆட்டுனாங்க. ஒடனே, "ஐயோ, இது சிட்டம்மா செஞ்சது ராஜா!"ன்னு பல்டி அடிச்சான்.

சிட்டம்மா கூடையோட உள்ள பாஞ்சா. "ராஜா, அந்தத் தட்டையும் என் கூடையையும் தரையில வைங்க. உங்க பூனைய அவுத்து விடுங்க."

பூனை வந்துச்சு. சிட்டம்மாவோட பன்னுகள மோந்துச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு. வால ஆட்டிட்டு நகந்துருச்சு. அவன் தட்டுக்குப் போயி மூணையும் சளக்கு சளக்குன்னு நக்குச்சு. அதோட விட்டுச்சா? ஒரே தாவா வைரவநாதன் மேல தாவி அவன் வலது கைய நக்க ஆரம்பிச்சிருச்சு! அவன் ஒதறுறான், அது விடல. ராஜா பார்த்தாரு, சபையே பார்த்துச்சு.

அப்பதான் ரொசாலியா சிட்டம்மாவோட பன்ன எடுத்து ஒரு கடி கடிச்சாங்க. கண்ணு ரெண்டும் பொலபொலன்னு ஊத்துது. "காரமா தாயி?"ன்னு ராஜா பதறிட்டாரு.

"இல்ல மகாராஜா. இது எங்க ஊரு மிளகா. தக்காளி, மக்காச்சோளம், இந்த பட்டர் ஃப்ரூட் எல்லாம் எங்க மண்ணுல பொறந்ததுங்க. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலயே கப்பலேறிப் போச்சு. எங்க போச்சோ, என்ன ஆச்சோன்னு இருந்தோம்."

ராஜா சிங்காசனத்த விட்டு எறங்கி வந்து, ஒரு மிளகாய உள்ளங்கையில வச்சுப் பார்த்தாரு. தெனமும் ரசத்துல கெடந்த மிளகா! "அடேயப்பா, இத்துனூண்டு இருந்துக்கிட்டு இம்புட்டுக் கடலத் தாண்டி வந்தியா? எங்கூட்டுப் பிள்ளைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்"னு அதுக்கிட்டயே பேசுறாரு. எனக்கு இத சொல்றப்ப இப்பவும் மயிர்க்கூச்செடுக்குது, பாரு கைய.

அப்புறம் ராஜா, "கடலுக்கு அந்தப்பக்கத்து மிளகாய வீட்டுல வச்சு வளர்த்துட்டு, வீட்டு மனுசனக் கடலுக்கு அந்தப்பக்கம் அனுப்பப் பார்த்தேனே. கொம்பையாவ அவுத்து விடுங்க"ன்னாரு. கொம்பையா வந்தான். சிட்டம்மா அவன் கையில ஒரு பன்னக் குடுத்து, "தின்னு"ன்னா.

வைரவநாதனுக்கு என்னன்னு கேக்குறியா? கண்ணுக்குட்டிக் கொட்டில்ல வேலை. குட்டிங்க வயிறாரப் பால் குடிச்சப்புறம்தான் அரண்மனைக்குப் பால். நெய்யில ஊறுன அந்தக் கைய குட்டிங்க நக்கி நக்கித் தோலே செவந்துபோச்சாம். வாசல்ல பூனை வேற காத்துக்கிட்டிருக்கும்.

அந்தம்மா ஊருக்குப் போறப்ப சிட்டம்மா முந்தானையில முடிஞ்சிருந்த ஒரு வரமிளகாய வாங்கிக்கிட்டாங்களாம். "எதுக்கும்மா?"ன்னா சிட்டம்மா. "போன பிள்ள நல்லாத்தான் இருக்குன்னு அதப் பெத்த மண்ணுகிட்ட காட்டத்தான்"னாங்களாம்.

அடுத்தவங்க விரதத்துல நம்ம கரண்டிய விடக்கூடாதுடா, அவ்ளோதான். கதை கப்பலேறிப் போச்சு, பன்னு தட்டேறி வந்தாச்சு. மூடியத் தெறக்காம அப்படியே கடிங்க!