சிலம்பாயி பின்னிய மாலை

சத்தியம்! என் மீசை மேல் சத்தியம், அதை நரைக்கவைத்த காலத்தின் மேல் சத்தியம், வாயில் மிச்சமிருக்கிற பற்கள் மேல் சத்தியம்! இனி சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் அந்தப் பற்களும் கொட்டிப்போகட்டும். கிட்டே வந்து உட்காருங்கள்.

முன்னொரு காலத்தில், மேகத்துக்கும் மேலே, மூடுபனி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே குளிர் எப்படிப்பட்டதென்றால், கோழிகள் முட்டையை உருட்டிக்கொண்டே போய் அடுப்படியில் விட்டுவிட்டு, தாங்களும் பக்கத்திலேயே குந்திக்கொள்ளும்.

அந்த நாட்டு ராஜா பெருஞ்செவியன். பேருக்கேற்ற காது. காற்றடித்தால் இரண்டு காதும் கப்பல் பாய்போல் விரிந்து அவரை அரண்மனையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போகும். நல்ல மனுஷர்தான். ஆனால் குளிர் என்றால் அழுதுவிடுவார்.

அதே நாட்டில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். ஆட்டு ரோமத்தை நூலாக்கி, இரண்டு மூங்கில் ஊசியால் கம்பளி பின்னுகிறவள். காட்டைப் பார்ப்பாள், பின்னுவாள். காளானைப் பார்த்துக் குல்லாய் பின்னினாள். சந்தையில் ஒருவன் அதைக் குழம்பு வைக்க விலை கேட்டான். காட்டுப்பூவைப் பார்த்துச் சால்வை பின்னினாள். போர்த்திக்கொண்டு போனவளைத் தேனீ துரத்தியது. நத்தைக்கூட்டைப் பார்த்து, சுருள் சுருளாக ராஜாவுக்குக் காதுறை பின்னினாள். ராஜா முதல்முறையாகக் குளிர்காலத்தில் சிரித்தார்.

கைதான் இப்படியென்றால் வாய் அதைவிட நீளம். "காட்டுல இருக்கிற எதைச் சொன்னாலும் பின்னிக் கொடுப்பா இந்தச் சிலம்பாயி!" என்று சந்தை நடுவில் நின்று கத்துவாள்.

இது அமைச்சர் இருபொருளார் காதில் விழுந்தது. ஒரு சொல்லைச் சொல்லி, எதிராளி ஒரு பொருளைப் பிடித்தால் மறு பொருளைக் காட்டி மடக்குவது அவர் பிழைப்பு. எப்போதும் இரு கக்கத்திலும் நூல்கள். ராஜா காதுறையைப் புகழ்ந்த அன்று அமைச்சர் எழுதிய பாட்டைப் புகழ மறந்துவிட்டார். அந்த எரிச்சல் வேறு.

அமைச்சர் சிலம்பாயியைச் சபைக்கு வரவழைத்தார். "எத்தனை நூல் கற்றிருக்கிறாய், பெண்ணே?"

"கத்ததில்லைங்க. நூத்ததுதான் உண்டு."

சபை சிரித்தது. அமைச்சர் சிரிக்கவில்லை. "அரசர் மூன்று பொருள் கேட்பார். ஒன்றாவது கேட்டபடி இருந்தால் பிழைத்தாய். இல்லையென்றால் உன் ஊசிகளை இங்கேயே ஒடித்துப்போடுவோம். அப்புறம் ஆயுள் முழுக்க நீ நூலைத் தொடக்கூடாது."

சிலம்பாயியின் கை ஊசிகளை முந்தானைக்குள் ஒளித்தது. ஆனாலும் வாய் சொன்னது: "கேளுங்க, பாத்துக்கலாம்!"

முதலில் கேட்டது, கொடி.

அவரைக்கொடி மாதிரி ஓர் இடுப்புக்கச்சை பின்னினாள். இலை, சுருண்ட பற்றுக்கம்பி, இலைமேல் பச்சைப்புழு ஒன்று. சபைக்குள் பறந்த குருவி அந்தப் புழுவைக் கொத்தியது. ராஜா ஆசையாய்க் கை நீட்டினார். அமைச்சர் தொண்டையைச் செருமினார். "கோட்டைமேல் பறக்கும் கொடியைக் கேட்டால், பந்தலில் படரும் கொடியைக் கொண்டுவந்திருக்கிறாள்!"

இரண்டாவதாகக் கேட்டது, ஆறு.

'ஓகோ, இந்த முறை ஏமாறமாட்டேன்' என்று சிலம்பாயி வண்டின் கால்களைப் பார்த்து, மினுமினுவென்று கறுப்பாக ஆறு காலுறை பின்னிக்கொண்டு போனாள்.

"மகாராஜா என்ன வண்டா, ஆறு கால் இருக்க?" என்றார் அமைச்சர். "நாங்கள் கேட்டது மலையிலிருந்து இறங்கி ஓடுகிற ஆறு!"

சபை குலுங்கியது. ராஜாவும் தெரியாத்தனமாகச் சிரித்துவிட்டார்.

மூன்றாவதாகக் கேட்டது, மாலை.

"பூமாலைங்களா, பொழுது சாயுற மாலைங்களா?" என்று இந்தமுறை கேட்டே விட்டாள்.

"அரசர் வாக்குக்கு உரை கேட்பாயோ? மாலை என்றால் மாலை. போ!"

வீட்டுக்கு வந்து ஊசியைத் தூக்கி மூலையில் எறிந்தாள். அவள் புருஷன் கருக்கன் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே சொன்னான்: "ரெண்டு கை வேலை செய்யுதுல்ல? அந்த வாயைக் கொஞ்சம் சும்மா வச்சிருந்தா என்னடி?"

"வாயைப் பத்தி நீ பேசாத. நேத்து ஆட்டுக்கிட்ட மன்னிப்புக் கேட்ட ஆளு நீ."

சொல்லிவிட்டாளே தவிர, அழுகை வந்துவிட்டது. எழுந்து காட்டுக்குள் நடந்தாள். பூவைப் பின்னினால் அந்த அமைச்சன் பொழுது என்பான். பொழுதைப் பின்னினால் பூ என்பான். எந்தப் பக்கம் போனாலும் கண்ணி.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். எதிரே கிளையில் ஒரு காய்ந்த சருகு. நரம்பு, காம்பு, பூஞ்சைப்புள்ளி, எல்லாம் சருகுதான். அந்தச் சருகு சட்டென்று இரண்டாகத் திறந்தது. உள்ளே நீலம், ஆரஞ்சு! படபடவென்று பறந்துபோய் இன்னொரு கிளையில் உட்கார்ந்து மூடிக்கொண்டது. மறுபடி சருகு.

"அடி, நீ இலையா பூச்சியா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

மூலையில் கிடந்த ஊசியை எடுத்தாள். இரண்டு நிற நூலை ஒரே ஊசியில் ஏற்றினாள். ஒரு கண்ணி இந்தப் பக்கத்துக்கு, அடுத்த கண்ணி அந்தப் பக்கத்துக்கு. ஒரு வரிசை, மறு வரிசை, மறுபடி ஒரு வரிசை. கருக்கன் வாயைத் திறக்காமல் நூலை உருண்டை சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

குறித்த நாளில் சபைக்குப் போனாள். கூடையிலிருந்து, ராஜாவின் காது இரண்டையும் சேர்த்துச் சுற்றுகிற அளவுக்கு நீளமாக ஒரு கழுத்துத் துண்டை எடுத்து விரித்தாள். செண்பகமும் மகிழம்பூவும் தொடுத்ததுபோல் மாலை. முன்வரிசையில் இரண்டு பேர் மூச்சை இழுத்து மோந்தே பார்த்தார்கள்.

அமைச்சர் துள்ளி எழுந்தார். "பூமாலையா? நாங்கள் கேட்டது அந்தி மாலை!"

"அப்படீங்களா?" என்றாள் சிலம்பாயி. துண்டைத் திருப்பினாள்.

மறுபக்கம் அந்தி. அடியில் மஞ்சள், மேலே செம்மை, அதற்கும் மேலே ஊதா. அரண்மனை மாடத்துப் புறாக்கள் பொழுது சாய்ந்துவிட்டதென்று கூட்டுக்குள் போய்விட்டன. காவல்காரன் விளக்கேற்ற ஓடினான்.

அமைச்சருக்கு வேர்த்தது. அந்தக் குளிரில்! விடுவாரா? "இல்லை, இல்லை! மால் என்றால் மயக்கம். அந்த மாலைக் கேட்டோம்! மயக்கத்தைக் கேட்டோம்! எங்கே மயக்கம்?"

சிலம்பாயி இடுப்பில் கை வைத்தாள். "ஐயா, அதைத்தான் முதல்ல கொடுத்தேன். இந்தப் பக்கம் பாக்குறதா அந்தப் பக்கம் பாக்குறதான்னு தெரியாம நிக்கிறீங்களே, அதுக்குப் பேரு என்னங்க?"

ராஜா சிரித்த சிரிப்பில் காதுகள் அடித்துக்கொண்டு, சபையில் எரிந்த விளக்கெல்லாம் அணைந்தன. துண்டைத் தாமே எடுத்துச் சுற்றிக்கொண்டார். காலையில் பூப்பக்கம், அந்தியில் அந்திப்பக்கம். "கேட்டபடி இருக்கிறது. கேட்காதபடியும் இருக்கிறது!" என்றார். அந்தக் கொடிக்கச்சையையும் கேட்டு வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆறு காலுறையும் வேண்டும் என்றார். இரண்டைக் காலில், இரண்டைக் கையில், இரண்டைக் காதில் மாட்டிக்கொண்டார்.

பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார். "இருபொருளாரே, நூலைப் பிரிந்து உம்மால் இருக்க முடியாதே. இன்றுமுதல் சிலம்பாயிக்கு நூல் பிடியும்."

அமைச்சர் கக்கத்தில் இருந்த நூல்களைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் நீட்டினார். சிலம்பாயி அவற்றின்மேல் கம்பளி நூற்கற்றையை மாட்டினாள். "கையை ஆட்டாம பிடிங்க, ஐயா. சிக்கு விழுந்தா நீங்கதான் எடுக்கணும்."

சொல்லை இரண்டாகத் திருப்பிப் பிறரைச் சிக்கவைக்கப் பார்ப்பவன், இரண்டு பக்கமும் பார்க்கத் தெரிந்தவரிடம் தானே சிக்கிக்கொள்வான்.

அவ்வளவுதான் கதை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். இருபொருளாரின் பேரப்பிள்ளைகள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள், என்னிடம் மிச்சம் இருப்பதோ நாலே நாலு பல்.