முதுகு அரித்த தலைவர்

ஆற்றங்கரை அத்திக்காட்டில் ஒரு பெரிய குரங்குக் கூட்டம் இருந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் என்பதால் சிறுத்தைகூட அந்தப் பக்கம் வரப் பயந்தது.

காலையில் குரங்குகள் பழம் பறிக்கும். மத்தியானம் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருப்பதன் முதுகில் பேன் பார்க்கும். கை பேனைத் தேடும். வாய் காட்டுக் கதையெல்லாம் பேசும்.

பழைய தலைவருக்குப் பல் விழுந்துவிட்டது. அந்தத் தலைவரை விரட்டிவிட்டு, மேற்கு மலையிலிருந்து வந்த செம்பட்டையன் தலைவனானது. வந்த அன்றே அந்த வரிசையைப் பார்த்து முகம் சுளித்தது.

"பாதி நாள் முதுகு சொறிவதிலேயே போகிறதே! இந்த நேரத்தில் இன்னொரு மரம் பறிக்கலாம். இனி யாரும் யாருக்கும் பேன் பார்க்கக் கூடாது. பறிக்கும்போது பேச்சும் கூடாது."

"அற்புதம் தலைவரே," என்றது வால்சுருட்டி என்ற குரங்கு. பழைய தலைவரிடமும் அது இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் பழம் குவிந்தது. பிறகு பேன் பெருகியது. குரங்குகள் ஒரு கையால் பறித்து, மறு கையால் சொறிந்தன. கிளையைப் பிடிக்கக் கை இல்லாமல் சில கீழே விழுந்தன. யாராவது லேசாகச் சிரித்தாலே சண்டை வந்தது. இளவட்டங்கள் ஒவ்வொன்றாக ஆற்றைத் தாண்டி அக்கரைத் தோப்புக்குப் போய்விட்டன.

"எல்லாரும் ஏன் உம்மென்று இருக்கிறார்கள்?" என்று கேட்டது செம்பட்டையன்.

"உற்சாகம் குறைந்துவிட்டது தலைவரே," என்றது வால்சுருட்டி.

"அப்படியானால் உற்சாகப்படுத்து."

மறுநாள் முதல் ஒரு புது ஏற்பாடு. காலையில் எல்லாக் குரங்குகளும் பாறை மேல் கூடி, 'நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம்!' என்று கத்திக்கொண்டே குதிக்க வேண்டும். அரிப்பில் தவித்த குரங்குகளுக்குக் குதிப்பது சுகமாகவே இருந்தது. எம்பி எம்பிக் குதித்தன. பாறையில் முதுகைத் தேய்த்துப் புரண்டன.

"பார்த்தாயா, என்ன ஒரு உற்சாகம்!" என்று பூரித்துப்போனது செம்பட்டையன்.

ஒரு மத்தியானம் அதற்கே முதுகு அரித்தது. இரண்டு தோளுக்கும் நடுவில், கை எட்டாத இடத்தில். மரத்தில் தேய்த்தது. குச்சியால் குத்திப் பார்த்தது. ஒன்றும் சரிவரவில்லை.

"வால்சுருட்டி, கொஞ்சம் இங்கே சொறி."

"என்னைச் சோதிக்கிறீர்கள் தலைவரே. சட்டத்தை மீறுகிற ஆளா நான்?"

வேறு வழியில்லாமல் செம்பட்டையன் பூவாத்தாளிடம் போனது. பூவாத்தாள் கைக்குட்டியோடு இருந்த தாய்க்குரங்கு.

"பார்க்கிறேன் தலைவரே. ஆனால் நீங்களும் சும்மா உட்காரக் கூடாது. உங்களுக்கு முன்னால் வால்சுருட்டியை உட்கார வைத்து, அதன் முதுகை நீங்கள் பாருங்கள். இங்கே முறை அதுதான்."

செம்பட்டையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தது. அதைக் கண்ட மற்ற குரங்குகளும் அவசர அவசரமாகப் பின்னால் வந்து அமர்ந்தன. கைகள் வேலையில் இறங்கியதும் வாய்கள் தாமாகவே திறந்தன.

"நேற்று ஓடைப் பக்கம் சிறுத்தையின் கால்தடம் பார்த்தேன்," என்றது ஒரு குரங்கு.

"நம் கூட்டம் குறைந்துபோனது அதற்கும் தெரிந்துவிட்டது," என்றது இன்னொன்று.

"அதனால்தான் நாளைக்குக் குட்டிக்காரிகள் எல்லாரும் அக்கரைக்குக் கிளம்புகிறோம்," என்றது பூவாத்தாள், பேனை நசுக்கிக்கொண்டே.

செம்பட்டையனின் கை நின்றுவிட்டது.

"இதை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?"

"எப்போது சொல்வது தலைவரே?" என்றது பூவாத்தாள். "பறிக்கும்போது பேசக் கூடாது. குதிக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று மட்டும்தான் சொல்லலாம்."

செம்பட்டையன் மறுபடி வால்சுருட்டியின் முதுகில் கை வைத்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "இனி குதிக்க வேண்டாம். மத்தியானம் பழையபடி உட்காரலாம். நானும் உட்காருகிறேன். அப்போதும் போய்விடுவீர்களா?"

"யோசிக்கலாம். இப்போது அசையாமல் இருங்கள், பாதி முதுகுதான் ஆகியிருக்கிறது."

குட்டிக்காரிகள் போகவில்லை. சேதி கேட்டு, அக்கரைக்குப் போனவற்றில் பலவும் திரும்பி வந்தன. சில வரவேயில்லை, அங்கே பழம் இனிப்பு அதிகமாம். ஓடையைத் தாண்டி வந்த சிறுத்தை, நீண்டு கிடந்த வரிசையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பியது.

கூட்டத்தோடு உட்கார்ந்து அதன் குறையைக் கேட்காத தலைவன், அதன் உற்சாகத்தை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது.