தாமரைநாச்சியின் முந்தானை

சலங்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பேச்சியம்மாள் அன்று காலை நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

அந்தக் குழுவில் அப்படி ஒரு வழக்கம். கொடுத்த வேஷத்தை வேண்டாம் என்பவர், தன் சலங்கையை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். கொடுத்த சலங்கை திரும்ப வராது. பேச்சியம்மாள் சேர்ந்த எட்டு வருஷத்தில் இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். இருவரும் வாசலில் நின்று அழுதார்கள். தான் அழப்போவதில்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வாத்தியாரம்மா சௌந்திரவல்லி மேடையில் கால் நீட்டி உட்கார்ந்து, ராஜா கிரீடத்துக்குக் கண்ணாடிச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பது வயது. பேச்சியம்மாளைவிட ஆறே வயதுதான் மூத்தவள். ஆனால் பேச்சியம்மாளுக்கு நிற்கவும் நடக்கவும் பாடவும் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். பக்கத்தில் அருளானந்தம் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே நாற்காலிகளுக்கு நடுவே ராக்கு பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"தாமரைநாச்சி நாடகத்தை இன்னொரு தடவை போடணுமா?"

சௌந்திரவல்லி தலையைத் தூக்கவில்லை. "நோட்டீஸ் அடிச்சாச்சு. தாமரைநாச்சியா உன் பேரு பெருசாப் போட்டிருக்கு. பார்க்கலையா?"

"பார்த்தேன். அதனாலதான் கேக்குறேன்."

"கல்யாணப் பந்தியில உக்காந்துகிட்டு சாம்பார் எதுக்குன்னு கேக்குறியே தாயி," என்றார் அருளானந்தம்.

"பதினாறு தடவை சுட வெச்ச சாம்பார் அண்ணே. ஊசிப் போச்சு."

அந்த நாடகத்தின் கதை ஊருக்கெல்லாம் தெரியும். ராஜா தன் மனைவி தாமரைநாச்சியைச் சந்தேகப்பட்டுக் காட்டுக்குத் துரத்துகிறான். ஏழு வருஷம் கழித்து அவள் குற்றமற்றவள் என்று தெரிகிறது. ராஜாவே காட்டுக்கு வந்து, "வா, போகலாம்" என்கிறான். தாமரைநாச்சி அவன் காலில் விழுந்து, மன்னிக்கச் சொல்லி ஒரு பாட்டுப் பாடுகிறாள். ராஜா அவள் தலையில் கை வைக்கிறான். மங்களம். முப்பது வருஷமாக, போட்ட ஊரிலெல்லாம் ஜனம் இந்த இடத்தில் அழுதிருக்கிறது.

"சந்தேகப்பட்டது ராஜா. துரத்தினது ராஜா. தப்புன்னு தெரிஞ்சு தேடி வந்ததும் ராஜா. கால்ல விழறது மட்டும் அவளா? எதுக்கு மன்னிக்கணும்? ஏழு வருஷம் விறகு பொறுக்கினாளே, அதுக்கா?"

"ஜனங்க அழறாங்களே."

"வெங்காயம் உரிச்சாலும் அழுவாங்க."

அருளானந்தம் சிரிப்பை அடக்கியதில் ஆர்மோனியம் லேசாக முனகியது.

பேச்சியம்மாள் விடவில்லை. "ரெண்டு தடவை தோழி வேஷத்துல பக்கத்துலயே நின்னு பார்த்திருக்கேன். அவ விழும்போது பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒரு பெருமூச்சு வரும். அவளே விழுந்துட்டா, நாமெல்லாம் எம்மாத்திரம்னு ஒரு மூச்சு. எனக்கு உடம்பெல்லாம் எரியும். அந்த மூச்சுக்கு நான் காரணமா இருக்க மாட்டேன். புதுசா ஒண்ணு போடுங்க. எழுத ஆள் இல்லைன்னா நான் எழுதறேன். இதைத்தான் போடுவீங்கன்னா, நான் இல்லை."

துணிப்பையைத் தரையில் வைத்தாள். உள்ளே சலங்கை ஒரு தடவை சிணுங்கி அடங்கியது. கீழே விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

சௌந்திரவல்லி பையைப் பார்த்தாள். "கையிலதானே குடுக்கணும்?"

"நீட்டுங்க. குடுக்கறேன்."

"கையெல்லாம் பசை. காயட்டும். அதுக்குள்ள ஒரு காரியம் பண்ணு. கடைசிக் காட்சியில தாமரைநாச்சி நிக்கிற இடத்துல போய் நில்லு."

"விழ மாட்டேன்."

"விழச் சொன்னேனா? நில்லுன்னுதானே சொன்னேன்."

பேச்சியம்மாள் போய் நின்றாள். சௌந்திரவல்லி பாதி ஒட்டிய கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, ராஜா நிற்கும் இடத்தில் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"முந்தானையை ஏன் செருகியிருக்கே? காட்டுல இருந்து வர்றவ. அவிழ்த்து விடு."

முந்தானை பின்பக்கமாகத் தரையில் புரண்டு ராஜாவின் காலடி வரை போய்க் கிடந்தது.

"அருளானந்தம், பின்னால இருக்கிற படுதாவை விடுங்க."

"இப்பவா? பாட்டுக்கு முன்னாலயா?"

சௌந்திரவல்லி அவரைப் பார்த்தாள். அருளானந்தத்தின் முகம் மாறியது. மெதுவாக எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு விட்டுவிட்டார்.

படுதா தடதடவென்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கியது. அதன் அடியில் கோத்த மூங்கில் பொத்தென்று தரையில் விழுந்து, தூசியைக் கிளப்பியது. பேச்சியம்மாள் நகரப் பார்த்தாள். தோளில் சேலை சுண்டி இழுத்தது. முந்தானை மூங்கிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. "சே!" என்று ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, வாத்தியாரம்மாவின் கால் பக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

கீழேயிருந்து ராக்குவின் குரல் தழுதழுத்தது. "இதுதான் நல்ல பொண்ணுக்கு அழகு! எம்புட்டுக் கோவமா வந்தா! இருந்தாலும் குருன்னு கால்ல விழுந்துட்டா பாரு. என் ராசாத்தி!"

பேச்சியம்மாளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "யக்கா, கண்ணைத் துடைச்சுட்டுப் பாரு! நான் ஒண்ணும் கால்ல விழலை. சேலை மாட்டிக்கிச்சு. எடுக்கறேன்!"

தலைக்கு மேலே வாத்தியாரம்மாவின் குரல் கேட்டது.

"நானும் அதைத்தான் எடுத்தேன்."

பேச்சியம்மாளின் கை நின்றது. அண்ணாந்து பார்த்தாள். கிரீடத்துக்குக் கீழே இருந்தது ராஜாவின் முகமாக இல்லை.

"என்ன சொன்னீங்க?"

"முப்பத்தோரு வருஷம் ஆச்சு. இதே கொட்டகை. பெரிய வாத்தியார் இந்த நாடகத்தை எழுதி முதல் நாள் போடறார். அவர்தான் ராஜா. நான் தாமரைநாச்சி. பத்தொன்பது வயசு. ராஜா 'வா, போகலாம்'னதும் எனக்கு ஒரு பாட்டு. பாடி முடிச்சாத்தான் படுதா. கயிறு பிடிச்சவனுக்குத் தும்மல் வந்துடுச்சு."

"தும்மலா?"

"தும்மல்தான். கயிறு நழுவிடுச்சு. மூங்கில் என் முந்தானை மேல. குனிஞ்சு இழுத்தேன். பெரிய வாத்தியார் என்ன நெனச்சாரோ, தலையில கையை வெச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டார். கொட்டகையே அழுதுச்சு."

"நான் மங்களம் வாசிச்சுட்டேன்," என்றார் அருளானந்தம், கயிற்றுக்குப் பக்கத்தில் இருந்தே. "சேலைதான்னு எனக்குத் தெரியும். பார்த்தேன். ஆனா ஜனம் அப்படி அழும்போது வேற என்னத்தை வாசிக்க?"

"அடுத்த ஊர்ல வண்டியை விட்டு இறங்கறோம்," என்றாள் சௌந்திரவல்லி. "அவ கால்ல விழற காட்சி உண்டுல்லன்னு கேக்கறாங்க. பெரிய வாத்தியார் அன்னைக்கே உக்காந்து மன்னிப்புப் பாட்டை எழுதிட்டார்."

"தலைமுறை தலைமுறையா மாறாத கடைசிக் காட்சின்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே!"

"தும்மல்னு போட்டா டிக்கெட் விக்காதே தாயி."

சிரிப்பு வந்தது பேச்சியம்மாளுக்கு. கோபம் அதை முந்திக்கொண்டது. "இத்தனை வருஷமா ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையா?"

கேட்டவுடனேயே பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேடையில் நடந்த பிழையை, மேடையை விட்டு இறங்கிய பிறகு யாரும் பேசக்கூடாது. குழுவின் முதல் சட்டம் அது. அவள் சேர்ந்த புதிதில், தர்பார் காட்சியில் வந்து நின்றவளுக்கு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. விழித்துவிட்டுத் திரும்பிப் போனாள். அன்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சௌந்திரவல்லி ஒரு டம்ளர் சுக்குக் காபியை நீட்டினாள், அவ்வளவுதான். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பேச்சியம்மாள் மறுநாள் ஊருக்கு பஸ் ஏறியிருப்பாள்.

ஆனாலும் வாதத்தைப் பாதியில் விடுகிறவள் இல்லை அவள்.

"அப்போ இப்ப மட்டும் எப்படிச் சொல்றீங்க?"

"இறங்கின பிறகுதானே பேசக்கூடாது? நாம இன்னும் இறங்கலையே."

"நல்லா இருக்கே! முப்பத்தோரு வருஷமா மேடை ஏறிட்டுதான் இருக்கீங்க. ஒரு நாள் மேடையிலேயே நின்னு சொல்லியிருக்கலாமே?"

சௌந்திரவல்லி கிரீடத்தைக் கழற்றினாள். பசையில் இரண்டு நரைமுடி ஒட்டிக்கொண்டு வந்தது.

"சொல்லியிருக்கலாம். யாரும் கேக்கலை. எனக்கு அப்புறம் வந்த நாலு பேரும் நல்லாவே விழுந்தாங்க." நரைமுடியைப் பிய்த்துப் போட்டாள். "கைதட்டல் எனக்கும் பிடிச்சிருந்துச்சு."

பேச்சியம்மாள் மூங்கிலைத் தூக்கி முந்தானையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

சௌந்திரவல்லி வேஷப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து கொடுத்தாள்.

"பதினாறு தடவை போட்டாச்சுன்னியே, இது ஒரு தடவைகூட மேடை ஏறலை. கடைசிப் பக்கத்தைப் படி."

பெரிய வாத்தியாரின் சாய்ந்த எழுத்து. பாட்டின் குறுக்கே ஒரே ஒரு கோடு அடித்திருந்தது. கோட்டையும் மீறி எல்லா எழுத்தும் தெரிந்தது.

*போவென்ற வாயாலே வாவென்று சொன்னீர்,*
*நான் போன தூரம் நீர் நடந்து பார்த்தீரோ?*
*காடெல்லாம் கிடக்குது என் காலடி, மன்னா,*
*எண்ணி முடித்து வாரும், பிறகு பேசலாம்.*

பேச்சியம்மாள் ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை உதட்டை அசைத்துப் படித்தாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"எட்டு வருஷமா இந்தப் பொம்பளை மேல எனக்குக் கோவம், வாத்தியாரம்மா. தன்மானம் இல்லாதவன்னு. வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். கடைசியில பார்த்தா ஒரு தும்மலைத் திட்டியிருக்கேன்!"

"அவ கோவிச்சுக்க மாட்டா," என்றார் அருளானந்தம். ஆர்மோனியத்துக்கு வந்து உட்கார்ந்தார். நாலு கட்டையை அழுத்திப் பார்த்தார். பிறகு நாலும் சேர்ந்து ஒரு மெட்டாக வந்தது. "எனக்கு மறந்துபோச்சுன்னுதான் இருந்தேன். விரலுக்கு மறக்கலை."

பேச்சியம்மாள் உட்கார்ந்து பையை அவிழ்த்தாள். சலங்கையை எடுத்து வலது காலில் சுற்றினாள்.

"என்னடி, கையில குடுக்கலையா? பசை காஞ்சுடுச்சே."

"நாடகம் முடியற வரைக்கும் ஈரமாவே இருக்கட்டும்." இடது காலிலும் கட்டி முடிச்சை இறுக்கினாள்.

"என்னம்மா, சமாதானம் ஆயாச்சா?" என்றாள் ராக்கு கீழேயிருந்து. "கால்ல விழுந்தா எல்லாம் சரியாப் போயிடும்னு நான் அப்பவே நெனச்சேன்."

இந்தத் தடவை பேச்சியம்மாள் அவளைத் திருத்தவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு, தாமரைநாச்சி நிற்கும் இடத்தில் போய் நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"வாத்தியாரம்மா, நீங்க ஒத்திகையில இதைப் பாடியிருப்பீங்கள்ல?"

"உக்காந்து முணுமுணுத்ததோட சரி. கடைசிப் பாட்டை ஒத்திகையில எழுந்து நின்னு பாட விடமாட்டார் பெரிய வாத்தியார். அதை ஜனங்க முன்னாலதான் முதல்ல பாடணும்பார்."

"பரவாயில்லை, சொல்லுங்க. எப்படி நிக்கணும்? கோவமாவா, சிரிச்சுகிட்டா? ராஜாவைப் பார்த்துப் பாடறதா, ஜனங்களைப் பார்த்தா? 'எண்ணி முடித்து வாரும்'னதும் திரும்பி நடக்கணுமா, அங்கேயே நிக்கணுமா? ஒரு தடவை காட்டுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

சௌந்திரவல்லி விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுடி," என்றாள். "நான் நிமிர்றதுக்குள்ள கைதட்டிட்டாங்க."