மூன்று விசில் வந்ததும் இறக்கு

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, நவம்பர் இருபத்தாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் விடியற்காலை முதல் தூறல். குடையை விரித்தால் நின்றுவிடும், மடக்கினால் மீண்டும் தொடங்கும் தன்மையது.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் மாசிலாமணி ஒரு சாம்பார் வைத்தாக வேண்டும். தவறினால் அவனுக்குத் திருமணம் இல்லை. பெண்ணின் தந்தை சுடலைமுத்து, சங்கரன்கோவிலிலிருந்து தொலைபேசியில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருந்தார்:

"பட்டணத்து ஓட்டல்ல தின்னு வயித்தக் கெடுத்துக்கிட்டவனுக்கு எம் பொண்ணத் தர மாட்டேன். நேர்ல வாரேன். நீ வச்ச சாம்பார ருசி பாத்துட்டுத்தான் மத்த பேச்சு."

மாசிலாமணி, சூளைமேட்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தின் எதிரே, இரண்டாம் மாடி அறையொன்றில், பொன்னம்பலம், தங்கப்பழம் என்னும் இரு நண்பர்களுடன் வசித்துவந்தான். மூவரும் பட்டதாரிகள். அறையில் அடுப்பு கிடையாது. ஆகவே அதற்கு முந்தைய வாரம் மின் அடுப்பும் குக்கரும் வாங்குவதென முடிவாயிற்று. பொருளை வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளைப் பொன்னம்பலம் உரக்க வாசித்தான்.

"'இந்தக் குக்கர் வாங்கியதிலிருந்து என் மனைவி மகிழ்ச்சியாக இருக்கிறாள்.' அஞ்சு நட்சத்திரம்."

"எனக்கு மனைவியே இல்லையேடா," என்றான் மாசிலாமணி கவலையுடன்.

"மொதல்ல குக்கர் வரும். அப்புறம் மனைவி வருவா. அப்புறம் மகிழ்ச்சி. வரிசையாத்தான்டா வரும்."

"இன்னொருத்தர் 'கைப்பிடி ஆடுகிறது'ன்னு எழுதியிருக்காரே?" என்றான் தங்கப்பழம்.

"அதுவும் மகிழ்ச்சியிலதான் ஆடுது."

வாங்கினார்கள்.

பெட்டியின்மீது ஓர் அம்புக்குறியும், 'இந்தப் பக்கம் மேலே' என்னும் வாசகமும் இருந்தன. மூவரும் பெட்டியை இரண்டாம் மாடிக்குச் சுமந்து சென்றனர். அம்புக்குறி அங்கும் மேலேயே காட்டியது. மொட்டை மாடிக்குக் கொண்டு சென்றனர். அங்கும் அது வானத்தையே காட்டியது.

"இன்னும் மேலதான் போகச் சொல்லுது," என்றான் தங்கப்பழம்.

"இதுக்கு மேல போனா வாடகை கட்டுப்படியாகாதுடா," என்று பொன்னம்பலம் தீர்ப்பளித்த பிறகே பெட்டி அறைக்குத் திரும்பியது.

மாசிலாமணியின் தாயார் எழுதி அனுப்பிய செய்முறையில் மூன்றே வாக்கியங்கள் இருந்தன: 'பருப்பையும் காயையும் கழுவி, புளியும் பொடியும் கரைத்துக் குக்கரில் வை. மூன்று விசில் வந்ததும் இறக்கு. கடுகு தாளித்துக் கொட்டு.'

பதினொன்றரை மணிக்குக் குக்கரை அடுப்பில் ஏற்றி, மூவரும் கைகட்டி நின்றனர். இரண்டு நிமிடம் கழிந்திராது. கீழே ஒரு பேருந்து வந்தது. நடத்துநர் ஒரு விசில் ஊதினார், பேருந்து நின்றது. இரண்டு விசில் ஊதினார்; பேருந்து புறப்பட்டது.

"மூணு!" என்றான் தங்கப்பழம்.

"டேய், அது பஸ் விசில்டா," என்றான் மாசிலாமணி.

பொன்னம்பலம் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "'மூன்று விசில் வந்ததும்.' எழுவாய் இருக்கு, பயனிலை இருக்கு. 'குக்கரிலிருந்து'ன்னு ஐந்தாம் வேற்றுமை எங்கேயாவது இருக்கா? இல்லல்ல? உங்கம்மா எழுதாததை நீ எப்படி மாப்ள சேர்த்துப் படிப்ப?"

இலக்கணப்படி அவன் கூற்றில் பிழை இல்லை. துயரம் அங்கேதான் தொடங்கியது.

"சரி, இறக்கு," என்றான் மாசிலாமணி.

இறக்கினார்கள். முதல் மாடியில் ஒருமுறை கைமாற்றி, தரைத்தளம் வரை இறக்கினார்கள். தாளிப்பதற்காகத் தங்கப்பழம் மட்டும் மேலே நின்றான்.

"இதுக்குக் கீழயும் இறக்கணுமா?" என்று மாசிலாமணி கேட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுடலைமுத்து இறங்கினார். தூறலில், வாசற்படியில், குக்கரை ஏந்தி நிற்கும் வருங்கால மருமகனைக் கண்டார்.

"என்னய்யா இது?"

"சாம்பார், மாமா. இப்பத்தான் இறக்கினோம்."

அவ்வேளையில் தங்கப்பழம், கடுகு வெடிக்கும் கரண்டியுடன் படிகளில் ஓடிவந்தான். "எங்கடா கொட்டுறது?"

"எங்கேன்னு போடல. 'கொட்டு'ன்னுதான் இருக்கு," என்றான் பொன்னம்பலம்.

தங்கப்பழம் தெருவில் கொட்டினான். மழைநீரில் பட்டு அது சிறப்பாகச் சீறியது.

சுடலைமுத்து குக்கரைத் திறந்து, கரண்டியில் சிறிது எடுத்து வாயிலிட்டார். பருப்பு கடக்கென்றது.

"பருப்பு வேகலையேய்யா."

"வேகணும்னு எழுதல மாமா," என்றான் மாசிலாமணி. தாளை நீட்டினான். "வேணும்னா பாருங்க."

சுடலைமுத்து தாளை வாங்கி மூன்று முறை படித்தார். பிறகு இரண்டாம் மாடியை அண்ணாந்து பார்த்தார். குக்கரைக் குனிந்து பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"இவ்வளவு தூரமா இறக்கணும்? எங்க வீடு தரையோட தரையால்லா கெடக்கு! எதை எங்க இறக்க? அதாம்யா இருவத்திரெண்டு வருசமா எங்க வீட்டுச் சாம்பார் வாய்க்கு வெளங்கல. பாவம், எம் பொண்டாட்டியத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

அங்கேயே சம்மதம் சொல்லி, வேகாத பருப்பை முழுவதும் மென்று தின்றுவிட்டு ஊர் திரும்பினார்.

பின்னர் நிகழ்ந்தவை வருமாறு. தை மாதத்தில் திருமணம் நடந்தேறியது. சித்திரையில் சுடலைமுத்து தம் வீட்டின்மீது ஒரு மாடி எழுப்பி, அடுக்களையை அங்கே மாற்றினார். படிக்கட்டு வைக்கவில்லை, தாளில் இறக்குவது பற்றித்தான் இருந்ததே தவிர, ஏறுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. சாரத்தைப் பிரித்த அன்று, கொத்தனார் சண்முகையா மேலே தளம் பூசிக்கொண்டிருந்தார். இப்போதும் அவர் மேலேதான் இருக்கிறார். பருப்பும் காயும் கயிற்றில் மேலே போகின்றன; அவர் சமைத்த சாம்பார் குக்கரோடு கயிற்றில் கீழே வருகிறது. சாம்பார் மிக நன்றாக இருப்பதாக வீட்டார் அனைவரும் கருதுகின்றனர். கொத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் விடுமுறை கேட்டார்; மறுக்காமல் கொடுத்துவிட்டார்கள். அன்று மட்டும் அவர் மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறார்.