நெஞ்சுக் கதவுக்காரனும் காபி வாசமும்

அந்தக் காலத்தில் மரம் பேசும், தேனீ பேசும், மனிதனுடைய வயிறுகூட வாய்விட்டுப் பேசும். இப்போது வயிறு உறுமுவதோடு நிறுத்திக்கொள்கிறது. அப்போது பசித்தால் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

அப்படிப்பட்ட நாளில் ஒரு மலையில் சடையன் என்று ஒருவன் இருந்தான். பாறையில் தொங்கும் மலைத்தேனை எடுப்பது அவன் தொழில். உச்சியிலிருந்து கொடிக்கயிறு விட்டு, இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவன் இறங்குவான். மேலே ஒருவன் கயிற்றைப் பிடிப்பான். பிடிப்பவன் பெண்டாட்டியின் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்த மலையின் வழக்கம். கூடப் பிறந்தவன் என்றால் ஏதாவது கோபத்தில் கையை விட்டாலும் விடுவான். தங்கச்சி தாலியை அறுக்க எந்த அண்ணனுக்கு மனசு வரும்? சடையனுக்குக் கயிறு பிடித்தவன் அவன் மனைவி செங்காயியின் அண்ணன் மாரப்பன்.

தேனீ சோம்பல் முறிப்பதற்குள் இறங்கி ஏறிவிட வேண்டும். சடையனுக்கோ விடியலில்தான் கண் சொக்கும். கயிற்றில் தொங்கியபடியே கொட்டாவி விடுவான்.

"மாப்ளே, தூங்குறதா இருந்தா வீட்டுல தூங்கு. என் கை என்ன தூளியா?" என்று மாரப்பன் மேலிருந்து கத்துவான்.

பாதையோரத்தில் நின்ற காபிச் செடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் அவனைக் கூப்பிட்டது. "சடையா, கிளி என்னைத் தின்னுட்டுத் துப்புது. குரங்கும் துப்புது. நீயாவது என் கொட்டையை வறுத்து, இடிச்சு, கொதிக்க வச்சுக் குடியேன். தூக்கம் கிட்டயே வராது."

குடித்தான். தூக்கம் ஓடியது. கவலைகூடக் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டது. பிறகென்ன, விடிந்தால் ஒரு பானை காபி, ஒரு கை தேன், ஒரே மூச்சு.

செங்காயி மூக்கைப் பொத்திக்கொள்வாள். பாகற்கொடி நிழலில்கூட நிற்காதவள் அவள். "கசாயத்தைக் குடிச்சுட்டுக் கல்யாண விருந்து சாப்பிட்டவனாட்டம் சிரிக்கிறதைப் பாரு!"

சிரிப்பு நீடிக்கவில்லை. புளித்த ஏப்பம் வந்தது. பின்னாலேயே நெஞ்செரிச்சல் வந்தது. படுத்தால் எதுக்களித்துத் தொண்டைவரை எரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். செங்காயி சீரகத்தண்ணி வைத்தாள், மோர் கடைந்தாள், முதுகை நீவினாள்.

"அந்தக் காபியைத்தான் விட்டுத் தொலையேன்யா."

"வேற எதை வேணும்னாலும் விடுறேன் புள்ளே. இதை விட்டுட்டுக் கயித்துல கண் அசந்தா, அப்புறம் உனக்கு முதுகு நீவப் புருஷன் இருக்க மாட்டான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

ஒரு காலையில், முட்டமுட்டக் குடித்துவிட்டு இறங்கியவன், தேனடையை அறுக்கக் குனிந்தான். அடிவயிற்று நெருப்பு ஒரே தாவலில் நெஞ்சுக்கு ஏறியது. "ஐயோ!" என்று இரண்டு கையாலும் மாரைப் பிடித்தான். கயிறு கையை விட்டுப் போக, தலைகீழாகப் புரண்டு அந்தரத்தில் தொங்கினான். மாரப்பன் கயிற்றை விடவில்லை. ஆனால் அவன் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டது.

மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து தங்கை முன்னால் நிறுத்தினான். "இந்தா, உன் புருஷன். அடுத்த தடவை பிடிக்க எனக்குக் கை இல்லே தாயி."

செங்காயி கோடாலியை எடுத்துக்கொண்டு நேரே காபிச் செடியிடம் போனாள். சடையன் ஓடிவந்து குறுக்கே நின்றான். செடிக்கு இலையெல்லாம் நடுங்கியது.

"அக்கா, வெட்டணும்னா வெட்டு. அதுக்கு முன்னால உன் புருஷன் நெஞ்சுல காதை வச்சுக் கேளு. நான் உள்ளே போறவ. உள்ளே இருக்கிற நெருப்பு மேலே வரணும்னா, யாரோ கதவைத் திறக்கணும் இல்லே?"

செங்காயி கோடாலியைக் கீழே வைத்தாள். புருஷன் நெஞ்சில் காதை வைத்தாள். "யாரது உள்ளே?"

"நான்தான் தாயி, கதவுக்காரன்," என்று சன்னமாக ஒரு குரல் வந்தது. "கீழே வயித்து நெருப்பு. மேலே நெஞ்சு. நடுவுல நானும் ஒரு கதவும்."

"கதவை மூடி வைக்கிறதை விட்டா உனக்கு வேற என்ன வேலை?"

"மூடித்தான் வச்சிருந்தேன். இந்தக் காபின்னு ஒண்ணு வந்துது பாருங்க... என்ன வாசம், என்ன வாசம்! மடமடன்னு ஊத்துறாரு, வாசம் என்னைத் தாண்டி ஓடிருது. கீழே போனது இன்னும் கொஞ்சம் மணக்குமான்னு கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறேன். நெருப்பு முந்திக்கிட்டு ஏறிருது. பொறந்ததுலேருந்து கண் மூடாம இருட்டுல நிக்கிறேன் தாயி. எனக்குன்னு யாரு என்ன குடுத்தா?"

செங்காயி கோடாலியை அங்கேயே விட்டுவிட்டு, புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குப் போய்க் காபி கொதிக்க வைத்தாள். உயரமான மூங்கில் குவளை ஒன்றையும் அகலமான கொட்டாங்கச்சி ஒன்றையும் எடுத்தாள். கையை உயர்த்திக் குவளையிலிருந்து கொட்டாங்கச்சிக்கு ஊற்றினாள். திரும்பக் குவளைக்கு ஊற்றினாள். மாற்றி மாற்றி ஆற்ற ஆற்ற நுரை பொங்கியது. வாசம் குடிசையை நிரப்பி, சடையன் மூக்கு வழியாக நெஞ்சுக்குள் இறங்கியது.

"ஆகா..." என்றது உள்ளே குரல். "இது போதும், நான் எட்டிப் பார்க்க மாட்டேன். ஆனா தாயி, முழுசா ஊத்தினா கதவைப் பிடிக்க என்னால ஆகாது. பாதின்னா சமாளிப்பேன்."

"பாதியா?" சடையன் அலறினான். "மீதியை என்ன பண்றது?"

கீழே கொட்டினால் செடி மனம் நோகும். சட்டியில் வைத்தால் அவன் திருடிக் குடிப்பான். செங்காயி புருஷனைப் பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கொட்டாங்கச்சியில் இருந்த பாதியைத் தானே குடித்தாள்.

"தங்கச்சி மூஞ்சியைப் பாரு மாப்ளே, வேப்பெண்ணெய் குடிச்ச பூனை!" என்று மாரப்பன் புண் கையோடு விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் விடியலில் செங்காயிக்கும் தூக்கம் இல்லை. அண்ணன் கைக்குத் துணி சுற்றிவிட்டு, அவனுக்குப் பின்னால் நின்று அவளும் கயிற்றைப் பிடித்தாள். ஆற்றிய பாதிக் காபியைக் குடித்துவிட்டுச் சடையன் இறங்கினான். அடைக்குக் குனிந்தான். மேலே இருவரும் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்கள்.

"புள்ளே!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "எரியலே!"

அன்று பிடித்த பழக்கம்தான், காபி எங்கே போனாலும் டம்ளர் தனியாகப் போகாமல் டபராவையும் கூட்டிக்கொண்டு போகிறது. கையை உயர்த்தி ஆற்றி, கதவுக்காரனுக்கு வாசத்தைக் கொடுத்த பிறகே நாம் வாய் வைக்கிறோம். ஆற்றாமல், யாருக்கும் பாதி கொடுக்காமல், ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் படுக்கிறவர்கள் இன்றைக்கும் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொள்கிறார்கள்.