குழம்புப் பொடியைப் பிரித்த கதை

முன்னொரு காலத்தில், கூப்பிடு தூரத்துக்கு ஒரு ராஜா ஆண்ட நாளில், ஒரு நாட்டு ராஜாவுக்கு நாக்கும் நீளம், பயமும் நீளம். விதவிதமாகச் சாப்பிடவும் வேண்டும், ஒவ்வொரு கவளத்திலும் விஷம் இருக்குமோ என்று நடுங்கவும் வேண்டும். ராஜா பயந்தால் அவரோடு போகுமா? அன்றைக்கு யார் தலை உருளுமோ என்று அரண்மனையே நடுங்கும்.

அங்கே எல்லாரையும்விட அதிகமாக நடுங்கியவன் விகடன் பூவராகன். சபையைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. சிரிக்க வைக்கிறவனுக்குப் பயமே கிடையாது என்று நினைக்கிறவர்கள் அவன் முழங்கால்களைப் பார்த்ததில்லை. அவனுடைய அக்கா செங்கமலம்தான் அரண்மனைச் சமையற்கட்டுக்குத் தலைவி. குழம்புப் பொடியோ ரசப் பொடியோ, அவள் கையால் வறுத்து இடித்தால்தான் ராஜாவுக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் பகல் சாப்பாட்டில் ராஜா முதல் கவளத்தை வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் துப்பினார்.

"குழம்பு கசக்கிறது! விஷம்! விஷம்!"

பூவராகன்மேல் வெகுநாளாகப் பொறாமை கொண்டிருந்த மந்திரி மார்த்தாண்டர், இதற்காகவே காத்திருந்தவர்போல் சமையற்கட்டுக்கு ஓடினார். பொடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினார்.

"அரசே! தங்கள் உயிருக்காக என் உயிரையும் பொருட்படுத்தாமல், இந்த ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விழுங்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, எட்டிக்கொட்டை கலந்திருக்கிறது."

செங்கமலத்தை இழுத்து வந்தார்கள். "மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், பருப்பு, வெந்தயம், மஞ்சள். இவை தவிர நான் எதுவும் போடவில்லை, மகாராஜா" என்று அழுதாள்.

"அப்படியானால் பொடியைப் பிரித்துக் காட்டட்டுமே" என்றார் மந்திரி. "தம்பிதான் எதையும் சாதிக்கும் மகா கெட்டிக்காரர். அக்காவுக்காக இதைச் செய்ய மாட்டாரா?"

பயந்துபோன ராஜாவுக்கு அது நியாயமாகவே பட்டது. "பூவராகா! பொழுது சாய்வதற்குள் இந்தப் பொடியை ஒரு தூள் விடாமல் பிரித்து, மல்லி வேறு, மிளகு வேறாக என் கண்முன் வைக்க வேண்டும். தவறினால் உன் அக்கா பட்டத்து யானையின் காலடியில் கிடப்பாள்."

பூவராகன் ஜாடியை வாங்கிக்கொண்டான். இடித்ததை யார் பிரிக்க முடியும்? சல்லடையில் போட்டுச் சலித்தான், முறத்தில் போட்டுப் புடைத்தான். தும்மல் வந்ததே தவிர மல்லி வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு யானைக் கொட்டடிக்கு ஓடினான்.

அங்கே செங்கமலத்தைத் தூணில் கட்டியிருந்தார்கள். நாலு அடி தள்ளி யானை நின்றது. அது தலையை ஆட்டும்போதெல்லாம் கழுத்து மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

"அக்கா, குழம்பு ஏன் கசந்துச்சு? எங்கிட்டயாவது சொல்லு."

"வெந்தயம் கருகிப்போச்சுடா."

"நீயா கருக விட்டே?"

"நேத்து வெந்தயம் வறுக்கையிலே ராஜா உள்ளே வந்துட்டாரு. அவரு நிக்கிற மட்டும் கூப்பின கையை இறக்கக் கூடாதுங்கிறது சட்டமாச்சே. இது என்ன, அது என்னன்னு ஒவ்வொரு டப்பாவா விஷத்தைத் தேடிக்கிட்டு நின்னாரு. என் கண்ணு முன்னாலே சட்டியிலே வெந்தயம் கருகுது, நான் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறேன். அவரு போனதும் கருகினதைப் பொறுக்கி எறிஞ்சேன். எல்லாம் போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"இதைச் சபையிலே சொல்லியிருக்கலாமே!"

"ராஜாவாலேதான் கசந்துச்சுன்னு சொல்லவா? ஒரு தலை போறது ரெண்டு தலையாப் போகும். நீயும் வாயைத் திறக்காதே. போ தம்பி."

பூவராகன் போனான். அவள் தன் தலைக்காகக் கெஞ்சாமல் அவன் தலைக்காகப் பயந்ததுதான் அவனை உலுக்கியது.

பொழுது சாயும் நேரம். சபையில் வாழை இலைகளை வரிசையாக விரித்து, நடுவில் ஜாடியை வைத்தான். வாசலில் யானையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மணிச் சத்தம் உள்ளே கேட்டது.

"தொடங்கு" என்றார் ராஜா.

"தொடங்க முடியவில்லை, அரசே. பொடி குறைகிறது. ஒரு தூள் விடாமல் பிரிக்க வேண்டும் என்பது தங்கள் ஆணை. ஆனால் ஒரு சிட்டிகை மந்திரியார் வயிற்றில் இருக்கிறது. அதைத் தருவித்தால் உடனே தொடங்கிவிடுவேன்."

மந்திரி சிரித்தார். ராஜா சிரிக்கவில்லை. "உண்மைதான். என் ஆணை அப்படித்தான்" என்று அரண்மனை வைத்தியரைப் பார்த்தார்.

"வாந்தி மருந்து இனி பயன்படாது, அரசே. பகலில் விழுங்கியது இந்நேரம் குடலுக்கு இறங்கியிருக்கும்" என்றார் வைத்தியர்.

ராஜாவின் பார்வை மந்திரியின் தொப்பையில் நின்றது. பக்கத்தில் நின்ற வாள்வீரனும் அதே இடத்தைப் பார்த்தான். பார்த்தவன் வாளின் பிடியைத் தடவினான்.

"ஐயோ! அரசே, நான் விழுங்கவில்லை!" மந்திரி தடாலென்று காலில் விழுந்தார். "ஜாடியைத் திறக்கக்கூட இல்லை!"

"பிறகு எட்டிக்கொட்டை என்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டான் பூவராகன். மந்திரி ராஜாவின் காலை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

ராஜாவின் முகம் இறுகியது. "இவன் பொய்யன். ஆனால் என் குழம்பு கசந்தது பொய்யல்ல. அதற்கு யார் காரணம்?"

இந்தக் கேள்விக்குத்தான் பூவராகன் பயந்து கிடந்தான். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து.

"சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அரசே. காட்டுகிறேன். அக்காவை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். ஓர் அடுப்பும் சட்டியும் கொஞ்சம் வெந்தயமும் வேண்டும். தாங்கள் ஒருமுறை வெளியே போய், நேற்றுச் சமையற்கட்டுக்கு வந்ததுபோல் இங்கே வந்து நிற்க வேண்டும்."

சபை நடுவே அடுப்பு மூட்டினார்கள். செங்கமலம் வெந்தயத்தைச் சட்டியில் போட்டு வறுத்தாள். ராஜா உள்ளே வந்தார். கரண்டியை வைத்துவிட்டு அவள் கை கூப்பினாள். சபையும் எழுந்து கூப்பியது. யாரும் அசையவில்லை. வெந்தயம் சிவந்தது, கறுத்தது, புகைந்தது. அவள் கண்ணீர் விட்டபடி சட்டியையே பார்த்தாளே தவிர, கையை இறக்கவில்லை.

"கருகுகிறதே! கிளறேன்!" என்று ராஜா கத்தினார். கத்திய பிறகுதான் அவளுடைய கூப்பிய கைகளைப் பார்த்தார்.

சட்டியிலிருந்து ஒரு வெந்தயத்தை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். முகம் சுளித்தது. வாசலில் யானை மணி அடித்தது. பூவராகன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு சிரிப்பு. ராஜா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடடா! எனக்கு விஷம் வைத்தவன் நான்தானா!"

அப்போதுதான் சபைக்கு மூச்சு வந்தது. செங்கமலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அரண்மனைக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய மிளகாய் முழுவதையும் மந்திரியே உரலில் இடிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. "உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்டபோது பூவராகன், "அடுப்பில் சட்டி இருக்கும்போது யாரும் யாரையும் கும்பிட வேண்டாம், அரசே. அது போதும்" என்றான். ராஜா அதையும் கொடுத்து, கழுத்து முத்துமாலையையும் கழற்றிப் போட்டார்.

சில நாள் கழித்து ராஜா வழக்கம்போல் சமையற்கட்டுக்குள் நுழைந்தார். செங்கமலம் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். நெடி தாங்காமல் ராஜா இருமினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாருய்யா அது, காத்து வர்ற வழியை மறைச்சுக்கிட்டு? நகரு!"

ராஜா சத்தம் காட்டாமல் நகர்ந்தார். மறுநாள் குழம்பு கசக்கவில்லை.