தேனு சுருங்கிய கதை

இந்தக் கதையில் நடந்த அத்தனைக்கும் நான்தான் காரணம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்புறம் யாரும் கண்டுபிடித்து வந்து என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். சட்டை இப்போதுதான் தேய்த்தது.

அம்பாசமுத்திரத்தில் எனக்கு ஒரு லாண்டரி. துவைப்பு, தேய்ப்பு, டிரை வாஷ் மூன்றும் உண்டு. பக்கத்துக் கடை உச்சிமாகாளி டெய்லர். தையலில் மன்னன். ஆனால் சொன்னதைச் சொன்னபடிதான் செய்வான், ஒரு நூல் கூடவும் மாட்டான், குறையவும் மாட்டான். தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் புதுச்சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, வலது கையை நீட்டி, "கை ஒரு இஞ்ச் குறையணும் வே" என்றார். மாகாளி வலது கையை ஒரு இஞ்ச் குறைத்துக் கொடுத்தான். இடது கையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லையே, நாமாக எப்படி வெட்டுவது என்பது அவன் கட்சி.

அவன் பெண்டாட்டி செல்வக்கனி கடையில் ஓரம் அடிப்பாள். செல்வக்கனியின் தம்பி பலவேசம் காஜா எடுப்பான். ஒரு வீட்டில் ஒருத்தர் இப்படி இருந்தால் இன்னொருத்தர் திருத்துவார். இவர்கள் மூன்று பேரும் ஒரே சுருளில் வெட்டிய துணி.

மாகாளிக்கு ரெண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் அகிலாவுக்கு எட்டு வயது. சின்னவள் தேனுவுக்கு ஐந்து. பொங்கல் தையல் முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு, குதூகலபுரி என்கிற பார்க்குக்குப் போய் ரெண்டு நாள் தங்குவதாகத் திட்டம். அங்கே முதலைப் படகு என்று ஒன்று இருக்கிறது. முதலை மாதிரி செய்த படகு மேலே ஏறி, சர்ரென்று தண்ணீருக்குள் இறங்கும். பேப்பரில் வந்த அந்தப் படத்தைத் தேனு ஒரு மாதமாகத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் போய், "நான் முதலைப் படகுல போகப்போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். என் கடைக்கு மட்டும் நாலு தடவை வந்தாள்.

கிளம்புகிற அன்றைக்குக் குடும்பமே வந்து என்னிடம் யோசனை கேட்டது. நான் ஒருகாலத்தில் பம்பாயில் இருந்தவன் என்று அவர்களுக்கு ஒரு மரியாதை. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ரெண்டே விஷயம்தான் மாகாளி. அங்க போர்டுல என்ன போட்டிருக்கோ, அப்படியே நடந்துக்கிடும். இன்னொண்ணு, லீவுக்குப் போறீரு, அந்த அளவு டேப்பை மட்டும் கையில எடுக்காதீரும்."

"சரி அண்ணாச்சி" என்று மாகாளி கையில் இருந்த டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். ரெண்டு நாளும் அது கழுத்தில்தான் கிடந்தது. கையில் எடுக்கவே இல்லை.

பார்க் வாசலில் முதல் போர்டு: 'குழந்தைகளை எப்போதும் உங்கள் பார்வையிலேயே வைத்திருங்கள்.'

"எப்போதும்னா, கண்ணு சிமிட்டுறப்ப?" என்று கேட்டான் பலவேசம்.

நல்ல கேள்வி என்று மூவரும் நின்று யோசித்தார்கள். கடைசியில் முறை வைத்துச் சிமிட்டுவது என்று முடிவானது. மாகாளி சிமிட்டும்போது செல்வக்கனி முழித்துக்கொண்டிருப்பாள். அவள் சிமிட்டும்போது பலவேசம். இப்படி மூன்று பேரும் பிள்ளைகளையே பார்த்தபடி பின்பக்கமாக நடந்து போனார்கள். பலவேசம் ஐஸ்கிரீம் வண்டியில் மோதினான். மாகாளி நீரூற்றுத் தொட்டிக்குள் உட்கார்ந்தான். அப்போதும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் பிள்ளைகள்தான் பெரியவர்கள் மூவரையும் கையைப் பிடித்து நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

அங்கே ரெண்டு போர்டு. ஒன்று: 'குளத்தில் குளிக்குமுன் குளித்துவிட்டு வரவும்.'

"அதுக்கென்ன, குளிச்சிருவோம்" என்றான் மாகாளி.

பலவேசம் கையை உயர்த்தினான். "அத்தான், ஒரு சந்தேகம். குளிக்கிறதுக்கு முன்னாடி குளிக்கணும்னா, அந்தக் குளியலுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும்தான் குளிக்கணும்."

"அப்ப அதுக்கு முன்னாடி?"

மாகாளி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறந்த அன்றைக்கே தொடங்கியிருந்தால்தான் இன்றைக்குக் குளத்தில் இறங்க முடியும் என்று தெரிந்தது. அவனுக்குப் பெரிய கவலையாகிவிட்டது. செல்வக்கனிதான் வழி சொன்னாள். "பொங்கலன்னைக்குத் தலைக்குக் குளிச்சோம்லா? யாரும் ஒண்ணும் கேக்கலையே. அதுல இருந்து ஆரம்பிச்சதா வச்சுக்கிடுவோம்."

இன்னொரு போர்டு: 'நைலான் உடை மட்டும். பருத்தி உடைக்கு அனுமதி இல்லை.' அதைப் படித்ததும் மாகாளிக்கு அந்த இடத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. "விவரம் தெரிஞ்ச ஆளுக. பருத்தி தண்ணி பட்டா சுருங்கிரும்லா, அதான் வேண்டாங்காங்க" என்றான். பிள்ளைகள் நைலான் உடை போட்டுக்கொண்டு ரெண்டு மணி நேரம் குளத்தில் கிடந்தார்கள்.

அங்கிருந்து நேரே முதலைப் படகுக்கு. வாசலில் ஆளுயரத்துக்குப் பஞ்சு அடைத்த துணி முதலை ஒன்று, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. காலைச் சுற்றிப் பச்சைத் துணியில் புல் மாதிரி கட்டியிருந்தது. பக்கத்தில் போர்டு: 'இந்த முதலையின் கை உயரம் இருப்பவர்கள் மட்டும் ஏறலாம். முதலையைத் தொடாதீர்கள்.'

அகிலா கைக்கு மேலே தலை தெரிய நின்றாள். உள்ளே விட்டார்கள். தேனு ஓடிப்போய் நின்றாள். தலைக்கும் முதலையின் கைக்கும் நடுவில் ரெண்டு இஞ்ச் வெளிச்சம் தெரிந்தது.

பச்சை டீ-சர்ட் போட்ட பெண் ஒருத்தி அங்கே பொறுப்பில் இருந்தாள். "பாப்பா உயரம் பத்தாது சார். அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க."

தேனு அழவில்லை. முதலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூட தேவலை என்று மாகாளி என்னிடம் பிறகு சொன்னான். அகிலா ரெண்டு தடவை போய்விட்டு, "வயித்துக்குள்ள குறுகுறுங்குது" என்று வேறு சொல்லிவிட்டாள்.

மூவரும் புல்தரையில் கூடினார்கள்.

"முதலை கை மூணரை அடின்னு அந்தப் பொண்ணு சொல்லுது" என்றான் மாகாளி. "பொங்கலுக்குக் கவுன் தைக்கையில நானே அளந்தேன். தேனு சரியா நாப்பத்திரண்டு இஞ்ச். அதுவும் மூணரை அடிதான். இப்ப ரெண்டு இஞ்ச் குறையுது. எங்க போச்சு?"

"வீட்டுல விட்டுட்டு வந்திருப்போமோ?" என்றான் பலவேசம்.

செல்வக்கனி நெற்றியில் கை வைத்தாள். "ஏங்க, நைலான் உடுப்புத்தானே போட்டுவிட்டோம்?"

"ஆமா."

"உடுப்பு நைலான். புள்ள?"

மாகாளி எழுந்து போய்த் தேனுவின் கன்னத்தைக் கிள்ளி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். "பருத்தி" என்றான். "சுத்தப் பருத்தி. ரெண்டு மணி நேரம் ஊற விட்டுட்டோம், சுருங்கிட்டா."

காய வைக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. எப்படி என்பதில்தான் சிக்கல். நேர் வெயிலில் போட்டால் நிறம் மங்கும் என்றான் மாகாளி. உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டால் மங்காது, ஆனால் பிள்ளையை எப்படித் திருப்புவது என்று தெரியவில்லை என்றான் பலவேசம். கடைசியில் மர நிழலில் துண்டு விரித்துப் போட்டு, கால் மணிக்கு ஒருதரம் புரட்டிவிட்டார்கள். அகிலா காலைப் பிடித்துக்கொள்ள, பலவேசம் கையைப் பிடித்து மெல்ல இழுத்துவிட்டான். தேனுவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து அதில் ஒரு அரை இஞ்ச் உள்ளே போயிருக்கும் என்று செல்வக்கனி பயந்தாள்.

சாயங்காலம் தங்கியிருந்த அறைக்குத் திரும்பினார்கள். காலையில் கிளம்பும்போது பலவேசம் கதவில் ஒரு அட்டை அழகாக இருக்கிறதே என்று மாட்டிவிட்டு வந்திருந்தான். அதில், 'தொந்தரவு செய்யாதீர்கள்.'

"உள்ள யாரோ இருக்காங்க போல" என்றான் மாகாளி.

"நாமதானே அத்தான் இருக்கோம்?"

"அப்ப நம்மளையேதான் தொந்தரவு பண்ணக் கூடாதுங்கான். சத்தம் போடாதே."

படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் வந்த அறை சுத்தம் செய்கிற அம்மாள், இவர்கள் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டு, அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டுப் போனாள். மறுபக்கத்தில், 'அறையைச் சுத்தம் செய்யவும்' என்று இருந்தது. குடும்பமே உள்ளே போய் அறையைப் பெருக்கித் துடைத்து, ஜன்னல் திரையின் ஓரம் பிரிந்திருந்ததைத் தைத்தும் வைத்தது. ஊசி நூலை எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, பாருங்கள்.

மறுநாள் காலையில் தேனுவை மறுபடி நிறுத்திப் பார்த்தார்கள். அதே ரெண்டு இஞ்ச். மத்தியானம் பஸ். தேனுவின் உதடு பிதுங்கிவிட்டது. "நான் போகலைன்னா தெருவுல எல்லாரும் கேப்பாங்க" என்றாள்.

"புள்ள நீள மாட்டேங்கா" என்றான் மாகாளி. அவன் குரலே சுருங்கிப்போய்விட்டது.

செல்வக்கனி முதலையை மேலும் கீழும் பார்த்தாள். "முதலை என்ன துணிங்க?"

மாகாளி தொடாமல், குனிந்து பார்த்தான். இருபது வருஷம் துணி பார்த்த கண். "காடா துணி. பருத்தி. துவைக்காத புதுசு."

"புள்ளைய நீட்டத்தானே முடியல? முதலையைச் சுருக்கிருவோம்."

பலவேசம் போர்டை ரெண்டு தடவை வாசித்தான். "தொடக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. நனைக்கக் கூடாதுன்னு போடலை."

டீ-சர்ட் பெண் டீ குடிக்கப் போயிருந்தாள். குழாயடியில் இருந்த வாளியில் பலவேசம் பதினோரு வாளி தண்ணீர் ஊற்றினான், முதலைமேல் ஒரு விரல் படாமல். செல்வக்கனி, தேனுமேல் ஒரு துளி தெறித்துவிடாமல் முந்தானையால் மூடி நின்றாள். பஞ்சு தண்ணீரைக் குடித்து, முதலை கனத்து, முதலில் மூக்கு தொங்கியது, பிறகு நீட்டிய கை தொங்கியது. பன்னிரண்டாவது வாளிக்கு முதலை மாகாளியின் காலில் விழுந்தது.

டீ-சர்ட் பெண் மேனேஜரைக் கூட்டி வந்தாள். முக்கால் பேண்ட் போட்ட, பொறுமையான மனிதர். விழுந்த முதலையைப் பார்த்தார். அது நின்ற இடத்தைப் பார்த்தார். புல் துணிக்கு அடியில் ரெண்டு இஞ்ச் கனத்தில் ஒரு பலகை கிடந்தது. மழையில் தண்ணீர் தேங்குகிறது என்று யாரோ முதலையைத் தூக்கி அதன்மேல் வைத்திருக்கிறார்கள். மேனேஜர் பலகையைக் காலால் தள்ளிவிட்டு, முதலையைத் தரையில் நிறுத்தி, அதன் கையை நிமிர்த்திக் கட்டினார். சந்தேகம் தீரவில்லையோ என்னவோ, மாகாளியின் கழுத்திலிருந்து டேப்பை உருவித் தேனுவை அளந்தார்.

"நாப்பத்திரண்டு. பாப்பா தாராளமா ஏறலாம். எங்க தப்புதான், மன்னிச்சிருங்க. ஆமா, நீங்க டெய்லர்தானே? நேத்தே நீங்க அளந்து காட்டியிருக்கலாமே?"

"லீவு சார்" என்றான் மாகாளி. "கையில எடுக்கக் கூடாது."

மேனேஜர் டேப்பை அவன் கழுத்திலேயே திரும்பப் போட்டுவிட்டுப் போனார். பலகை இவர்கள் கணக்கிலேயே வரவில்லை. மூன்று பேரும் முதலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்றைக்கு இன்றைக்குச் சரியாக ரெண்டு இஞ்ச் குட்டை. "பார்த்தியா, பன்னெண்டு வாளிக்கு ரெண்டு இஞ்ச்" என்றான் மாகாளி, ரொம்பத் திருப்தியாக.

தேனு முதலைப் படகில் ஏறினாள். அப்பாவும் அம்மாவும் ரெண்டு பக்கமும். மேலே போகும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவள், சர்ரென்று இறங்கி முகத்தில் தண்ணீர் அடித்ததும் கண்ணைத் திறந்து, "இன்னொருக்கா" என்றாள்.

இன்னொருக்கா விடவில்லை. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நின்ற பிள்ளையைப் பார்த்ததும் மாகாளிக்குப் பகீரென்றது. "ஒரு தடவைக்கே இவ்வளவு நனைஞ்சுட்டா. மூணு தடவை போனா பஸ்ஸுல மடியிலதான் வச்சுட்டுப் போகணும்" என்றான். துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஊருக்கு வந்து ஐந்தாம் நாள் காலையில் மாகாளி தேனுவைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். கவுண்டர்மேல் உட்கார வைத்தான். பிள்ளையின் முழங்காலில் நாலு நாள் தெருப்புழுதி, கன்னத்தில் மாம்பழ மிட்டாய், தலையில் என்னவோ ஒரு இலை.

"என்ன மாகாளி, புள்ளையைக் குளிப்பாட்டலையா?"

"எப்படி அண்ணாச்சி குளிப்பாட்ட? அடுத்த வருஷமும் போகணுங்கா. முதலை இப்ப மூணரையில நிக்குது, இவளும் மூணரையில நிக்கா. தினமும் தண்ணி ஊத்துனா என்னத்துக்கு ஆகுறது?" என்று சொல்லிவிட்டு, முழுக் கதையையும் சொன்னான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அதான் உங்ககிட்ட வந்தேன். தண்ணியே படாம வெளுக்கிறது நீங்க ஒருத்தர்தானே. டிரை வாஷ்ல போட்டா சாயங்காலம் கிடைச்சிருமா? நாளைக்கு ஸ்கூல் இருக்கு" என்றான்.

நான் தேனுவைப் பார்த்தேன். அவள் என் கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அலமாரியில் மடித்து அடுக்கிய சட்டைகளைப் பார்த்தாள். மேலே கம்பியில் நீளநீளமாகத் தொங்குகிற கோட்டுகளைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்பக் கவலையாகச் சொன்னாள்.

"பெரியப்பா, என்னைய மடிச்சு வச்சிராதீங்க. மடிப்புல ஒரு இஞ்ச் போயிரும். ஹேங்கர்ல போட்டிருங்க."